சீமை முட்டையோடு சரளைச் சாலையில்

சீமைக்குப் போய்த் திரும்பி வந்ததிலிருந்து மைசூரில் என்னை யாரும் சும்மா விடுவதில்லை. மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கப் போனால், "பிரெஞ்சு தேசத்தில் அரண்மனை பார்த்தீரா, கண்ணாடி மாளிகை பார்த்தீரா?" என்று சுற்றி நின்றுகொள்கிறார்கள். நான் பார்த்தது சரளைக்கல். பெரிய கல், சின்னக் கல், சைக்கிள் சக்கரத்துக்குக் கீழே நொறுங்குகிற கல், சக்கரத்திலிருந்து தெறித்து முழங்காலில் அடிக்கிற கல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சமுத்திரம், நடுவில் கல். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். என் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் போன காரியம் பட்டுப்பூச்சி முட்டை வாங்க. எங்கள் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். பிழைப்பு மைசூரில், ஒரு பட்டுநூல் மண்டியில். சுற்றுக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்ப் பட்டுக்கூடு வாங்கி வருவது என் வேலை. வீட்டுக்குப் பின்கட்டில் என் சம்சாரம் செல்லம்மாள் மூங்கில் தட்டுகளில் முசுக்கொட்டை இலை போட்டுப் புழு வளர்க்கிறாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான். கொஞ்ச காலமாகப் புழுவுக்கு ஒரு நோய். மிளகுத்தூள் தூவினதுபோல் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். கூடு கட்டப்போகிற சமயத்தில் பொத்துப் பொத்தென்று செத்து விழும். போகத்துக்குப் போகம் இதே கதை. "இன்னொரு தரம் இப்படி ஆனால் முசுக்கொட்டைத் தோட்டத்தை வெட்டிப்போட்டு ராகி விதைக்க வேண்டியதுதான்" என்று தெருவே பேச ஆரம்பித்துவிட்டது.

பிரெஞ்சு தேசத்துக் கடலோர மலைகளில் நோய் இல்லாத முட்டையாகப் பார்த்துப் பொறுக்கி விற்கிறார்கள் என்று முதலாளிக்குத் தகவல் வந்தது. அதைக் கொண்டுவந்து நம் இனத்தோடு கலந்தால் பிழைக்கலாம் என்றார். போக வேண்டியவர் அவருடைய மருமகன். இங்கிலீஷ் தெரிந்தவர். கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது. புறப்படும் சமயத்தில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் பூசணிக்காய் ஆயிற்று. கோட்டு எனக்குச் சரியாக இருந்தது. என்னை அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று செல்லம்மாள் சொன்னாள்:

"ஏனுங்க, முட்டையைச் சாமி மாடத்துல வெக்கப் போறமுங்க. கறி மீன் வாடை படாமக் கொண்டாந்து சேர்த்துருங்க. வாடை பட்டுதுன்னா அப்புறம் அது வெளங்காது."

எங்கள் வீட்டில் மாமிசம் புழங்குவதில்லை. புது முட்டை வந்தால் முதலில் மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டின பிறகுதான் தட்டுக்குப் போகும். "சாமி சத்தியமாக் கொண்டாறேன்" என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

கப்பலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. மார்செய் துறைமுகத்தில் என்னை எதிர்கொண்டவன் சவரிநாதன். புதுச்சேரிக்காரன், பட்டாளத்துச் சமையல்காரனாக வந்து, பட்டாளம் திரும்பிப் போனபோது தூங்கிக்கொண்டிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டதாகச் சொன்னான். பிரெஞ்சு பேசித் துணைக்கு வர முதலாளி அவனைத்தான் ஏற்பாடு செய்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, இடுப்புல என்ன, தலையணையா?"

"வேட்டிப்பா."

"அதான் கால்சராய் போட்டிருக்கீங்களே!"

"அதுக்குள்ளே வேட்டி. கால்சராய்க்கு மடி ஏது? விபூதிப் பை, கப்பல் சீட்டு, வீட்டுச் சாவி, இதெல்லாம் எங்கே வைக்கிறது?"

"சராய்ல ரெண்டு பக்கமும் பை இருக்கே."

பையாம்! பையில் கைவிடத் திருடனுக்கு எத்தனை நேரமாகும்? மடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் ஆளையே உருட்டியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் உயிர்போல நினைக்கிற சாமான் எதுவும் மடியில்தான். அவனுக்கு இதெல்லாம் மறந்துபோய்விட்டது. பாவம், எத்தனை வருஷமாகச் சராயிலேயே இருக்கிறான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். பகவான் அங்கேயும் ஒரு வழி வைத்திருந்தான். சந்தையில் ஒருத்தி வண்டிச்சக்கரம் அளவு தட்டில் மஞ்சளாக ஏதோ வார்த்து, அடுப்பிலிருந்து எடுத்து, கத்தியால் கீறிக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தாள். கடலை மாவு, எண்ணெய், தண்ணீர், உப்பு. இவ்வளவுதான் என்று சவரிநாதன் அவளிடம் சத்தியம் வாங்கித் தந்தான். வாயில் போட்டேன். நம் வீட்டு அடைக்குச் சித்தப்பா மகன். மேலே மிளகுத்தூள் வேறே. தின்றேன், தின்றேன், அவள் அடுத்த தட்டு வார்க்கும் வரைக்கும் நின்று தின்றேன். "இந்த ஆளுக்கு வீட்டில் சோறு போடுவதில்லையா?" என்று அவள் கேட்டதாகச் சவரிநாதன் பின்னால் சொன்னான்.

முட்டையை எங்கள் தொழிலில் விதை என்போம். அதை விற்கிற விதைக்காரம்மாள் இருந்த ஊர் மலைமேல். அங்கே ஏற்றிப் போன மோட்டார் பஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் பாதி உடம்பைப் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் ஒரு கிழவர் மடியில் வாத்து. வாத்தும் நானும் மாறி மாறிக் கத்தினோம். இறங்கினதும், இனி இந்த ஜன்மத்தில் சீமை பஸ் ஏறுவதில்லை என்று மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டேன்.

விதைக்காரம்மாள் நல்ல மனுஷி. புதுச்சேரி வழக்கப்படி சவரிநாதன் 'மதாம்' என்றான். நானும் 'மதாம்' என்றேன். பூமிக்கு அடியில் ஓர் அறைக்குக் கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்ததும் எனக்குப் பல் கிட்டிவிட்டது. அந்தக் குளிரில்தான் முட்டைகளை வைத்திருந்தாள். கசகசா மாதிரி, சாம்பல் நிறம். அட்டைப் பெட்டியில் கொட்டி, மேலே சல்லடைத் துணி கட்டி, முத்திரை போட்டுக் கொடுத்தாள். கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னாள். சவரிநாதன் சொன்னது இது:

"எப்பவும் குளிர்லயே இருக்கணுமாம். கப்பல்ல ஐஸ் அறையில குடுத்துடணுமாம். சூடு பட்டா பொரிச்சிடுமாம். பொரிச்சா போச்சாம்."

"கப்பல் ஐஸ் அறையிலே வேறே என்ன இருக்கும்?"

"இறைச்சிதான். மாடு, பன்னி, மீனு."

நான் "சரி சரி" என்று தலையாட்டினேன். மனசுக்குள், இது நடக்கிற காரியமா என்று நினைத்துக்கொண்டேன். செல்லம்மாளுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அதுவுமல்லாமல் நம்மூர் முட்டை கொட்டகைக் காற்றிலே கிடந்து தன்பாட்டுக்குப் பொரிக்கிற ஜாதி. குளிருக்கு ஏங்கின முட்டையை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. வெயில் படாமல், கவிச்சி படாமல் இருந்தால் போதாதா? வெள்ளைக்காரர்களுக்கு எல்லாமே ஜில்லென்று இருக்க வேண்டும், அதுதான் இப்படிச் சொல்கிறாள் என்று தீர்மானித்துவிட்டேன்.

இறங்குவதற்குப் பஸ் வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அப்போதுதான் சவரிநாதன் விசாரித்து வந்து, கடலோரமாகப் புதுச் சாலை ஒன்று வெட்டியிருக்கிறார்கள் என்றான். சரளை கொட்டி உருளை ஓட்டியாகிவிட்டதாம். தார் இன்னும் போடவில்லையாம். அதனால் மோட்டார், லாரி, வண்டி எதையும் விடுவதில்லையாம். "சைக்கிள்னா விட்டுடுவாங்க அண்ணே." கப்பலுக்கு நாள் நிறைய இருந்தது. சைக்கிள் என்றால் எனக்குச் சொந்தக் கால் மாதிரி. அந்த ஊர் நாவிதரிடம் இரண்டு சைக்கிள் இருந்தது. நல்லதைச் சவரிநாதன் பிடித்துக்கொண்டான். எனக்குக் கிடைத்தது நாவிதருடைய மாமியார் சைக்கிள். நடுக்கம்பி இல்லை, பாவாடை மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டியிருந்தது, முன்னால் ஒரு கூடை. கால்சராயைக் கழற்றி மூட்டையில் கட்டிவிட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சி ஏறினேன். எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

சாலையின் தலைப்பில் குறுக்கே சங்கிலி. காவலுக்கு ஒரு கிழவர், மீசை மட்டும் வாலிபம். சைக்கிளைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், நெற்றி விபூதியைப் பார்த்தார். "இவர் யார், ராஜாவா, சாமியாரா?" என்றாராம். "ரெண்டும்" என்று சவரிநாதன் சொல்லிவிட்டான். கிழவர் தொப்பியைக் கழற்றிச் சங்கிலியை இறக்கினார்.

அப்புறம் நான் கண்டதை எப்படி எழுதுவது? மைசூரில் சைக்கிள் ஓட்டுவது என்றால் ஜட்கா வண்டி, எருமை, பள்ளிப் பிள்ளைகள், தலையில் கூடையோடு குறுக்கே வந்து நின்று யோசிக்கிற அம்மணி, இவ்வளவு பேருக்கும் வழிவிட்டு மிச்சம் இருக்கிற இடத்தில் ஓட்டுவது. இங்கே சாலையெல்லாம் நானே. மலை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஈ காக்கை கிடையாது. பைன் மரங்கள் வெயிலில் சாம்பிராணி வாசம் அடிக்கின்றன. கீழே சமுத்திரம் நீலச் சாயத் தொட்டி மாதிரி அசையாமல் கிடக்கிறது. சக்கரத்துக்கு அடியில் சரளை மட்டும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். அந்த நிசப்தம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. திருப்பம் வரும்போதெல்லாம் பழக்கத்தில் மணி அடித்துக்கொண்டே போனேன்.

"அண்ணே, யாருக்கு மணி அடிக்கிறீங்க? மீனுக்கா?"

"யாராச்சும் வந்தா?"

"வரமாட்டாங்க. அதுக்குத்தானே சங்கிலி போட்டிருக்கு."

"நம்மளே எதிர்ல வந்துட்டா?"

அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஏற்றத்தில் நான் ராஜா. சாமுண்டி மலைக்குக் கூடை கூடையாகச் சாமான் ஏற்றின கால் இது. இறக்கத்தில்தான் தகராறு. சரளையில் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நிற்கிறது, நாம் நிற்பதில்லை. முதல் இறக்கத்திலேயே மாமியார் சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு முள் புதருக்குள் போனேன். புதர் முழுக்க மஞ்சள் பூ. எழுந்தபோது சவரிநாதன் கைகூப்பினான்: "அம்மன் அலங்காரம் மாதிரி இருக்கு, அண்ணே."

அதுவரைக்கும் முட்டைப் பெட்டி முன்கூடையில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் ஓர் ஆட்டுப்பட்டியோரம் படுத்தோம். கண் அயர்ந்த நேரத்தில் ஓர் ஆடு கூடைக்குள் தலையை விட்டுப் பெட்டியின் கயிற்றை மென்று தின்றுவிட்டது. இன்னும் ஒரு வாய் வைத்திருந்தால் எங்கள் தெருவின் பிழைப்பே ஆட்டின் வயிற்றில். பெட்டியை எடுத்துத் துடைத்து, வேட்டி மடியில் வைத்துச் சுருட்டி, மேலே துண்டை இறுக்கிக் கட்டினேன். வெயில் படாது, ஆடு தொடாது, கவிச்சி அண்டாது. தொட்டுப் பார்த்தேன்; மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அன்று முதல் ராத்திரி பகல் அது என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் சவரிநாதன் சைக்கிளில் காற்று போயிற்று. ஒட்டுப்போடப் பசை இல்லை. நம்மூரில் என்றால் கூப்பிடு தூரத்தில் ஒரு கடை இருக்கும். இங்கே ஒரு மனுஷனும் இல்லாத சாலையின் சுகம் இதுதான். டயருக்குள் புல் திணித்து ஓட்டலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மலையில் புல் ஏது? எங்கே கைவைத்தாலும் வாசனைச் செடிதான். ஓமம் மாதிரி ஒன்று, மரிக்கொழுந்து மாதிரி ஒன்று. பிடுங்கிப் பிடுங்கித் திணித்தோம். அப்புறம் அவன் முன்னால் போகப்போக, சரளை குத்திக் குத்திச் சக்கரத்திலிருந்து வாசம் கிளம்பிற்று. கோயில் தேருக்குப் பின்னால் போகிற மாதிரி நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே பின்னால் போனேன்.

அதோடு வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. சாலை போடுகிறவர்களின் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது, ஒதுங்கினோம். இத்தாலி தேசத்து ஆட்கள். மழை விட்டபாடில்லை. முன்னால் ஒரு பாலத்தை வெள்ளம் அரித்துவிட்டது என்று அவர்கள் எங்களை விடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, போய், அடுத்த ஞாயிறே எட்டிப்பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவர்கள் கிண்டிப் போட்ட சாப்பாட்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. களி! மக்காச்சோள மாவில் சட்டி நிறையக் கெட்டிக் களி. அவர்கள் அதைப் பலகையில் கொட்டி, கரண்டியால் வெட்டி, மென்று தின்றார்கள். களியை மெல்லுவதாவது! நான் கையை நனைத்து உருண்டை பிடித்து, ராகிக் களியை விழுங்குகிற மாதிரி முழுசாக விழுங்கிக் காட்டினேன். கொட்டகையே எழுந்து நின்றது. "இன்னொரு தரம், இன்னொரு தரம்" என்று கூப்பாடு. அவர்களில் தடியான ஒருவன் தானும் செய்து பார்த்து, தொண்டையில் மாட்டிக்கொள்ள, நாலு பேர் முதுகில் குத்தி மீட்டார்கள். அன்று முதல் எனக்குத்தான் முதல் உருண்டை. நான் அடுப்போரம் உட்கார்ந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, மடியைத் தடவிக்கொண்டு, சாமி நாமத்தைச் சொல்லிக்கொண்டு சுகமாக இருந்தேன்.

மழை விட்டுப் புறப்பட்ட அன்று வெயில் நன்றாக அடித்தது. கழுவின சரளை பளபளவென்று இருந்தது. அந்தச் சாலையிலேயே பெரிய ஏற்றம் அன்றுதான். எழுந்து நின்று மிதித்தேன். பாதி ஏற்றத்தில் இடுப்பில் நமைச்சல். வேர்வை என்று நினைத்தேன். இன்னும் மிதித்தேன். நமைச்சல் வயிற்றுக்கு ஏறிற்று. எறும்போ என்று நினைத்தேன். உச்சிக்குப் போனதும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மடியை அவிழ்த்தேன்.

சல்லடைத் துணியின் கண்ணுக்குக் கண் கறுப்பு மயிர் மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. வேட்டி மடிப்பெல்லாம் நெளிந்தது. தொப்புளைச் சுற்றி நெளிந்தது. இத்தனை வருஷம் புழுவோடு குடித்தனம் பண்ணினவனுக்கு அது என்ன என்று சொல்லவா வேண்டும்?

"என்ன அண்ணே, என்ன?" என்று ஓடி வந்த சவரிநாதன் குனிந்து பார்த்தான். அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே... பிரசவம் ஆயிடுச்சு."

"சிரிக்காதேடா!"

"தாயும் பிள்ளைகளும் சௌக்கியம்னு ஊருக்குத் தந்தி குடுக்கட்டுமா?"

எனக்கு அழுகை வந்தது. எங்கள் தெருவில் இருபுறமும் காத்துக்கொண்டிருக்கிற முகமெல்லாம் கண்ணில் வந்தது. பொரித்த குஞ்சுக்கு உடனே இளசு இலை வேண்டும். கப்பலில் முசுக்கொட்டை இலைக்கு எங்கே போவேன்? கப்பல் இருக்கட்டும், இந்தக் குஞ்சுகள் பொழுது சாய்வதற்குள் செத்துப்போகுமே! கண்ணுக்கு எட்டினவரை பைன் மரம். "மாதேஸ்வரா, ஒரு மரம் காட்டு, ஒரே ஒரு மரம்" என்று கத்திக்கொண்டு இறக்கத்தில் சைக்கிளை விட்டேன். பிரேக்கைத் தொடவில்லை. மணியை மட்டும் விடாமல் அடித்தேன். பின்னால் சவரிநாதன், "மெதுவா அண்ணே, பச்சை உடம்பு!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

சாலை கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே திரும்புகிற இடத்தில் ஒரு பண்ணை வீடு. முற்றத்தில் நிழலுக்கு வைத்த ஒரு மரம். இலையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன், முசுக்கொட்டை! சைக்கிள் எங்கே விழுந்தது என்று தெரியாது. மரத்தில் இருந்தேன். கொழுந்து இலையாகக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஓர் அம்மாள் வைக்கோல் வாரும் கவையோடு நின்றாள். அவள் பேசினதைச் சவரிநாதன் கீழே நின்று அப்போதைக்கப்போது மொழிபெயர்த்தான்.

"திருட்டுப்பயலே, இறங்குன்னு சொல்லுது அண்ணே."

"இலைதானேம்மா, புழுவுக்கும்மா!"

"எந்தப் புழு, உன் வயித்துப் புழுவான்னு கேக்குது."

வேறு வழியில்லாமல் மரத்தில் இருந்தபடியே மடியை விரித்துக் காட்டினேன். அந்த அம்மாள் கவையைத் தூக்கினவள் அப்படியே அண்ணாந்து பார்த்தாள். கவை கையிலிருந்து விழுந்தது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கோழியெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "ஜுஸ்தேன், லூயீஸ்!" என்று கூப்பிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவுக்கையோடு ஓடி வந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பக்கத்தில் முட்டை பொரிக்க வைப்பதே இந்த முறையில்தானாம். வசந்தம் வந்ததும் பெண்கள் முட்டையைத் துணிப்பையில் கட்டிப் பாவாடைக்குள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்களாம். ஒரு வாரம், பத்து நாள், உடம்புச் சூட்டிலேயே பொரித்துவிடுமாம். "என் புருஷனை ஒரு வருஷம் கட்டிக்கோன்னு கெஞ்சினேன். ஆம்பிளை செய்யற வேலையான்னு சொல்லிட்டாரு. இங்கே பாருங்க, மீசை வெச்ச மனுஷன் எவ்வளவு பாங்கா செஞ்சிருக்காரு!" என்று அவள் சொன்னதைச் சவரிநாதன் மிகவும் ரசித்து மொழிபெயர்த்தான்.

குஞ்சுகளைத் தட்டில் இறக்கி இலை நறுக்கிப் போட்டார்கள். நானும் உட்கார்ந்து நறுக்கினேன். என் கத்தி வீச்சைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜுஸ்தேன் பெட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் பொரித்திருக்கிறது, இப்படி ஒரே சீராகப் பொரித்ததை நான் கண்டதில்லை என்றாள். இந்த ஆள் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். "மிளகாய்" என்றான் சவரிநாதன். அவள் ஓடிப்போய்த் தன் வீட்டு முட்டைப் பையைக் கொண்டுவந்து, இவர் ஒரு வாரம் இங்கே தங்கி இதையும் கட்டிக்கொள்வாரா, சாப்பாடு போடுகிறோம் என்றாள். லூயீஸும் தன் பையை நீட்டினாள்.

நான் எழுந்து கும்பிட்டேன். எனக்கு இருந்த துக்கம் அவர்களுக்குத் தெரியாது. சவரிநாதனைச் சொல்லச் சொன்னேன். எங்கள் தெருவில் புழு சாகிறது, இதை நம்பித்தான் இருக்கிறார்கள், இது பொரித்துவிட்டதால் எனக்கு இனிமேல் ஊருக்குப் போக முகமில்லை என்று. அந்தக் கவைக்காரம்மாளுக்குச் சிரிப்பு போய்விட்டது. கொல்லைப்பக்கம் போய், கிணற்றுக்குள் இறக்கியிருந்த ஒரு கூடையை இழுத்து, அதிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தாள். அதே விதைக்காரம்மாள் முத்திரை, அதே சாம்பல் நிறம்.

"இது நான் தாமதமா வெக்கலாம்னு குளிர்ல வெச்சிருந்தது. நீ எனக்குப் பொரிச்சுக் குடுத்துட்டே, நான் உனக்குப் பொரிக்காததைத் தர்றேன். ஆனா ஒண்ணு. இதை உன் உடம்புல வெக்கக்கூடாது. ஐஸ் அறையிலதான் வெப்பேன்னு உன் சாமி மேல சத்தியம் பண்ணு."

பெட்டியை நீட்டின கையை அவள் மடக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஐஸ் அறையில் மாடும் பன்றியும் தொங்கும். மறுபக்கம் என் செல்லம்மாளுக்கு அடித்துக்கொடுத்த சத்தியம். பட்டுவேட்டி கட்டின சாமிக்கு முன்னால் இதை எப்படி வைப்பேன்? வைக்காவிட்டால் தெருவில் எதை வைப்பேன்? மரத்தை மூன்று தரம் சுற்றி வந்தேன். அப்புறம், சாமி கோபித்தால் காலில் விழுந்து கேட்டுக்கொள்ளலாம், செத்த முட்டை என்றால் யார் காலில் விழுவது என்று தோன்றிற்று. அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

துறைமுகம் வரைக்கும் பெட்டியை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு, ஆடு தென்பட்ட இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். கப்பலில் சமையற்காரன் ஐஸ் அறைக் கதவைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கை மூட மறந்துவிட்டேன். கரையிலிருந்து சவரிநாதன், "அண்ணே, உடம்பைப் பாத்துக்குங்க, பத்தியம் இருங்க!" என்று கத்தினது கப்பல் முழுக்கக் கேட்டது.

முட்டைகள் பிழைத்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற இந்த நேரம் பின்கட்டில் அவற்றின் வம்சம் இலை தின்கிற சத்தம் தூறல் விழுகிற மாதிரி கேட்கிறது. கறுப்புப் புள்ளி கிடையாது. தெருவில் யாரும் ராகி விதைக்கவில்லை. ஆனால் பம்பாயிலிருந்து ரயிலில் ஐஸ் பெட்டியோடு வந்து வீட்டு வாசலில் நின்ற அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது.

செல்லம்மாள் குளித்து முழுகி, மாடத்தைக் கழுவிக் கோலம் போட்டு, தட்டில் கற்பூரத்தோடு காத்திருந்தாள். பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"இரு, தொடாதே. இது கப்பல்ல எங்கே இருந்துச்சுன்னு கேட்டுக்கோ."

சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை.

"மாட்டுக்கறிக்குப் பக்கத்துலயாங்க?"

"பக்கத்துல இல்லை. நடுவுல."

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். திரும்பிச் சாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நம்ம சாமி எது மேல ஏறிப் போவுது?"

"புலி மேல."

"அந்தப் புலி என்னத்தத் திங்கும், தயிர்ச்சோறுங்களா?"

பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மாடத்தில் வைத்து, கற்பூரத்தைக் கொளுத்தினாள்.